மகமை கட்டிய ஊர்

சந்தை வளர்த்த ஊர்கள் – 11

தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் ஒரு சிறிய பட்டியல் பல ஆண்டுகளாக இடம்பெற்று வருகிறது. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்பது அதன் தலைப்பு. கடலை எண்ணெய் 15 கிலோ டின், நல்லெண்ணெய் 15 கிலோ டின், உளுந்து, துவரம்பருப்பு, மல்லி, முண்டு வத்தல், கடலைப் புண்ணாக்கு என்று வரிசையாக விலைகள் இருக்கும். பட்டியலின் கடைசியில் பிளாண்டேஷன், ரோபஸ்டா என்று காப்பிக்கொட்டை விலையும் வரும். தென்மாவட்டங்களில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு தலைமுறை, காலையில் கல்லாவில் உட்கார்ந்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் இந்தப் பட்டியலைத்தான் பார்த்தது.

விருதுநகரில் காப்பி விளையாது. உளுந்துக்கும் துவரைக்கும் பேர்போன மண்ணும் அதுவல்ல. மதுரைக்குத் தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், கரிசலும் கருவேலமுமாகக் கிடக்கும் மானாவாரிப் பூமியில், ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் கௌசிகா ஆற்றின் கரையில் இருக்கிறது ஊர். அரசர் தலைநகராக இருந்ததில்லை. பல ஊர்களிலிருந்தும் யாத்திரிகர் திரண்டு வரும் பெருங்கோயில் இல்லை. துறைமுகம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தூத்துக்குடியில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஓர் ஊர், தான் விளைவிக்காத பண்டங்களுக்கு விலை சொல்லும் இடத்தை எப்படிப் பிடித்தது?

சென்ற இதழில், திருச்செந்தூர்த் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே நகர்ந்த வண்டிகளைப் பார்த்தோம். கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றோடு புறப்பட்டு, திரும்பும்போது தானியமும் பருத்தியும் ஏற்றி வந்த நாடார் வியாபாரிகள் அவர்கள். அந்த வண்டிகள் வந்து தங்கிய இடங்களில் ஒன்றுதான் விருதுபட்டி. ஊரின் பழைய பெயர் அது.

வண்டிப் பயணம் சுலபமாக இருக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஒவ்வொரு பாளையத்தின் எல்லையிலும் ஒரு தீர்வை, ஒவ்வொரு ஊர்க் காவலுக்கும் ஒரு பங்கு என்று கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கொடுத்தாலும் சரக்கு போய்ச் சேரும் என்பதற்கு உறுதி கிடையாது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையங்களின் கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறித்தது கிழக்கிந்தியக் கும்பினி. ரத்தம் சிந்தி வந்த அந்த அமைதியை எந்தத் தமிழனும் கொண்டாட முடியாது. ஆனால் வழிகள் திறந்தன என்பதும் வரலாறுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நாடார் வணிகர்கள் இராமநாதபுரம் சீமையில் குடும்பத்தோடு குடியேறத் தொடங்கினார்கள். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறும் அவர்களுடைய முதன்மையான ஊர்களாயின. இராமநாதபுரத்தின் ஆறு ஊர்கள் என்றே இவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள்.

குடியேறியவர்கள் முதலில் கட்டியது பேட்டை. சுற்றிலும் சுவர், உள்ளே வண்டிகள் நிற்க இடம், மாடுகளுக்குத் தண்ணீர், சரக்கை இறக்கி வைக்கக் கொட்டடி, இரவில் காவல். ஒரு பேட்டையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் அடுத்த பேட்டைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. வண்டிக்காரர்கள் தங்கும் இடத்துக்கு உள்ளூர் விவசாயிகளும் சரக்கு கொண்டுவரத் தொடங்கியபோது பேட்டையே சந்தையானது. சந்தை வந்ததும் தரகர் வந்தார், தராசு வந்தது, கடன் கொடுப்பவர் வந்தார்.

பேட்டைக்குக் காவல் போடவும், கிணறு தோண்டவும், சுவர் கட்டவும் பணம் வேண்டுமே. அதற்குக் கண்ட வழிதான் மகமை.

மகமை என்பது சரக்கின் மீது வியாபாரிகள் தாங்களே போட்டுக்கொண்ட வரி. பேட்டையில் கைமாறும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் போகும். அரசாங்கம் கேட்டதல்ல, ஜமீன் கேட்டதல்ல. கொடுக்க மறுப்பவரைத் தண்டிக்கப் போலீஸ் கிடையாது. ஆனால் கொடுக்காதவர் பேட்டையில் வியாபாரம் செய்ய முடியாது. நிதியை நிர்வகித்தது உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் முறைகாரர்கள் என்ற பெயரில் அதில் இடம்பெற்று, முறை வைத்துப் பொறுப்பை ஏற்றார்கள். வழக்குகளையும் உறவின்முறையே விசாரித்தது. வசூலாகாத கடன், எடையில் தகராறு, பாகப்பிரிவினை என எல்லாம் அங்கேதான் தீர்ந்தன.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் நாடார் சமூகத்தைப் பற்றி வெளியிட்ட நூல் மகமைக்கும் உறவின்முறைக்கும் நிறைய இடம் கொடுக்கிறது. அந்த முக்கியத்துவம் நியாயமானது. வியாபாரம் செய்த சமூகங்கள் தமிழ்நாட்டில் பல உண்டு. கடல்கடந்து போன செட்டிநாட்டாரும், மரைக்காயர், ராவுத்தர்களும் இதே காலத்தில் பெரும் பொருள் ஈட்டியவர்கள்; அவர்களும் தர்மங்கள் செய்தவர்கள். விருதுபட்டியின் பலம், தர்மத்தைத் தனிமனிதர் மனத்துக்கு விடாமல் மூட்டைக் கணக்கில் சேர்த்ததுதான். நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு எதுவானாலும் சரக்கு நகரும் வரை நிதி சேரும். பெரிய வியாபாரி அதிகம் கொடுப்பார். சின்ன வியாபாரி குறைவாகக் கொடுப்பார். இருவருக்கும் அதில் உரிமை உண்டு.

*

இந்த ஏற்பாடு மெல்ல வளர்ந்துகொண்டிருந்தபோது, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் நடந்த ஒரு போர் விருதுபட்டியின் கரிசலை உலகச் சந்தையோடு இணைத்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரத்து நின்றது. ஆங்கிலேயர் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தார்கள். திருநெல்வேலி, இராமநாதபுரம் கரிசலில் விளைந்த பருத்திக்கு லண்டன் சந்தையில் 'டின்னவெல்லி' என்றே பெயர். போர் முடிந்ததும் விலை விழுந்தது உண்மை. ஆனால் பருத்தியை வாங்கி, கொட்டை நீக்கி, பொதி கட்டி, தூத்துக்குடிக்கு அனுப்பும் வழக்கம் நிலைத்துவிட்டது.

1876இல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பாதை விருதுபட்டி வழியாகப் போனது. பல நாள் வண்டிப் பயணம் சில மணி நேரமானது. அதே ஆண்டில்தான் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. இரண்டும் ஒன்றாக வந்ததை மறக்கக் கூடாது. தானியத்தைப் பசித்த ஊருக்குக் கொண்டுபோகக் கூடிய அதே ரயில், விலை அதிகம் கிடைக்கும் ஊருக்கும் அதைக் கொண்டுபோனது. மாகாணமெங்கும் ரயில் நிலையங்களில் மூட்டைகள் குவிந்திருக்க, வாங்கக் காசில்லாமல் மக்கள் மடிந்தார்கள். ரயிலடிச் சந்தைகளின் வளர்ச்சியைப் பெருமையோடு எழுதும் எவரும் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பிறகு ஆலைகள் வந்தன. ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் நூற்பாலை கட்டினார்கள்; 1892இல் மதுரை ரயிலடிக்குப் பக்கத்தில் மதுரா மில்லைத் தொடங்கினார்கள். பஞ்சு இனிக் கப்பலேற வேண்டியதில்லை; நாற்பத்தைந்து கிலோமீட்டரிலேயே வாங்க ஆள் இருந்தது. மதுரை ஆலைக்கும் தெற்கே பருத்திக் காட்டுக்கும் நடுவில், ரயில் பாதையின் மீது, விருதுபட்டி உட்கார்ந்திருந்தது. 1901இல் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி என்ற நீள இழை ரகம் தோட்டக்கால்களில் பரவியதும் இந்த வியாபாரத்துக்கு மேலும் வலுச் சேர்த்தன. 1927இல் விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டபோது ஊர் ரயில் சந்திப்பாகவே ஆனது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சரக்கும், செங்கோட்டை வழியாகத் திருவிதாங்கூர்ச் சரக்கும் இங்கே வந்து இறங்கின.

*

பணம் சேர்ந்தது, மதிப்புச் சேரவில்லை. இந்தக் காலத்தை எழுதும்போது அதை மறைக்க முடியாது. ஊரில் பாதிக் கடைகளுக்குச் சொந்தக்காரர்களாக இருந்தவர்களுக்குக் கோயிலுக்குள் நுழைய உரிமை இல்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ்க்கோர்ட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. நடுவில், 1899 ஜூன் 6ஆம் நாள், சுற்றுவட்டார ஊர்களிலிருந்து திரண்ட ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினார்கள். வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பேட்டைச் சுவர்கள் எதற்காக அவ்வளவு உயரமாகக் கட்டப்பட்டன என்பது அந்த ஆண்டில் எல்லோருக்கும் விளங்கியது.

விருதுபட்டியின் உறவின்முறை இதற்குத் தேடிய பதில் பள்ளிக்கூடம். 1880களிலேயே மகமைப் பணத்தில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டிருந்தது. பெயரிலேயே ஓர் உரிமைக்குரல் இருக்கிறது. சமூகத்தில் தங்களுக்கு மறுக்கப்பட்ட இடத்தைப் பலகையில் எழுதி மாட்டினார்கள். ஆனால் பள்ளியின் கதவு மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. கட்டணம் வாங்கவில்லை. மகமையோடு பிடியரிசியும் சேர்ந்தது. சமையலுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, சேர்ந்ததைப் பள்ளிக்குக் கொடுப்பார்கள். கடையிலிருந்து ஆண்கள் கொடுத்தது மகமை என்றால், அடுப்படியிலிருந்து பெண்கள் கொடுத்தது பிடியரிசி. கணக்குப் புத்தகங்களில் பெயர் ஏறாத அந்தப் பெண்களுக்கும் இந்த ஊரின் வரலாற்றில் சம இடம் உண்டு.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையன் 1903 ஜூலை 15 அன்று பிறந்தவன். தந்தை குமாரசாமி தேங்காய் வியாபாரி. மகனுக்கு ஆறு வயதானபோது இறந்துபோனார். பன்னிரண்டு வயதை எட்டும் முன்பே படிப்பு நின்றது. தாய்மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் உட்காரவைத்தார்கள். கடைக்கு வெளியே ஊர்வலமும் கூட்டமும் போனால் பையனின் மனம் அதன் பின்னே போனது. வியாபாரத்தில் கவனம் திரும்பட்டும் என்று திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போன காமராஜ் வைக்கம் போராட்டச் செய்திகளில் மூழ்கினார். விருதுபட்டி ஒரு வியாபாரியை இழந்தது. 1954இல் முதலமைச்சரான அவர் ஊர் ஊராகப் பள்ளி திறந்து, 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது, ஒரு பிடி அரிசியில் பள்ளி நடந்த ஊரிலிருந்து வந்தவர் என்பது பலருக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

1915இல் விருதுபட்டி நகராட்சி ஆனது. 1923இல் நகராட்சி ஊரின் பெயரை விருதுநகர் என்று மாற்றியது. பட்டி என்ற சொல்லுக்கு வெளியே ஊர் வளர்ந்துவிட்டது என்று நகரமன்றத்தார் நினைத்தார்கள். வந்துபோகும் மூட்டைகளும் அதையே சொல்லின.

அரசியலில் வியாபாரிகள் ஒரே பக்கம் நிற்கவில்லை. பெரிய வணிகர்களில் பலர் நீதிக்கட்சிக்காரர்கள். சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931இல் ஆர்.கே. சண்முகம் தலைமையில் விருதுநகரில்தான் நடந்தது. நகராட்சித் தலைவராக இருந்த வி.வி. இராமசாமி அந்த இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். எதிர்ப்பக்கத்தில் காமராஜும் அவருடைய இளம் தோழர்களும் கதர் மூட்டையோடும் காங்கிரஸ் கொடியோடும் தெருத்தெருவாகப் போனார்கள். 1941இல் சிறைக்குள் இருந்தபடியே காமராஜ் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும் கட்சி வேலைக்கே தம்மைக் கொடுத்து, பதவியை விட்டு விலகினார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஏ. வைத்தியநாதையர் அழைத்துச் சென்ற குழுவில் கக்கன் முதலிய தாழ்த்தப்பட்ட தோழர்களோடு ஒரு நாடாரும் இருந்தார். அவர் விருதுநகர் நகராட்சி உறுப்பினர் எஸ்.எஸ். சண்முக நாடார். பிரிவி கவுன்சில் மூடிய கதவு முப்பத்தோரு ஆண்டுகளில் வேறு வழியில் திறந்தது.

*

இனி, விலை எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு வரலாம்.

மண்டி என்பது வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் நடுவில் நிற்கும் இடம். விவசாயி வத்தலையோ மல்லியையோ மூட்டை கட்டிக் கொண்டுவந்து கமிஷன் கடையில் இறக்குகிறார். கடைக்காரர் அதைத் தம் பணத்தில் வாங்குவதில்லை. வாங்குபவரைப் பிடித்துத் தருகிறார். மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுத்து, உள்ளங்கையில் பரப்பி, நிறம், காம்பு, ஈரம், தூசி பார்த்து விலை பேசுவார்கள். விற்ற தொகையில் கமிஷன், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, எடைக்கூலி, மகமை ஆகியவற்றைக் கழித்து மீதியை விவசாயியிடம் கொடுப்பார்கள். வாங்கியவர் பணத்தைத் தவணையில் தருவார். அதுவரை கடைக்காரரின் முதல் வெளியே நிற்கும். ஆக மண்டிக்காரர் விற்றது சரக்கை மட்டுமல்ல. காலத்தையும் நம்பிக்கையையும் சேர்த்தே விற்றார். மண்டி முதலாளி பெயர் சொல்லி அனுப்பிய ஒரு சீட்டுக்குத் திருவனந்தபுரத்திலும் கொழும்பிலும் சரக்குக் கிடைத்த காலம் உண்டு.

விவசாயிக்கு இது முழுக்க நல்லதாக இருந்தது என்று சொல்ல முடியாது. விதைப்புக்கு முன்பே மண்டியில் முன்பணம் வாங்கியவர், அறுவடைக்குப் பின் அதே மண்டிக்குத்தான் சரக்கைக் கொண்டுவர வேண்டும். விலை பிடிக்கவில்லை என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இப்படிப்பட்ட பிணைப்பை உடைக்கத்தான் சென்னை மாகாண அரசு 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அதன் வழியாக வந்தவை. அவை வந்த பிறகும் கடன் கொடுத்த மண்டியின் பிடி எளிதில் தளரவில்லை.

தொழிலாளர் கதையும் இதற்குள்ளேயே கிடக்கிறது. வத்தல் மண்டிக்குள் முதன்முறை போகிறவர் இரண்டு நிமிடம் நிற்க முடியாது. கண் எரியும், தும்மல் ஓயாது. அந்த நெடியில் நாளெல்லாம் உட்கார்ந்து காம்பு கிள்ளித் தரம் பிரித்தவர்கள் பெண்கள். நூறு கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிப் பலகை வழியே லாரிக்கு ஏறியவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களின் நிலமற்ற குடும்பத்து ஆண்கள். மகமை நிதியின் பலன் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி வழியாகச் சென்றது. நிதியின் நிர்வாகத்தில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. ஒரு சாதி தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்ட அபாரமான ஏற்பாடு அது. அதன் எல்லையும் அந்தச் சாதியே.

இரண்டாம் உலகப் போர் மண்டியைக் கொஞ்ச காலம் முடக்கிப் போட்டது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றது. உணவுக் கட்டுப்பாடும் பங்கீட்டு அட்டையும் பெர்மிட்டும் வந்தன. தானியத்தை ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்த இந்தக் கட்டுப்பாட்டை 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி நீக்கினார். மூட்டைகள் மறுபடி அவிழ்ந்தன.

எண்ணெய்க்கு விருதுநகரில் தனி வரலாறு உண்டு. எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள். எண்ணெய் பிண்ணாக்கிலிருந்து தெளிவாகப் பிரியும், மணமும் கூடும். தேரிக்காட்டிலிருந்து வண்டியில் வந்த முதல் சரக்கு எதுவோ, அதுவே இந்த ஊரின் பேர்போன நல்லெண்ணெய்க்குள்ளும் இறங்கியது. மாட்டுச் செக்கு போய் ரோட்டரி வந்தது. ரோட்டரிக்குப் பக்கத்தில் எக்ஸ்பெல்லர் வந்தது. நெடுங்காலம் எண்ணெய் டின்னில் போய்ச் சில்லறைக் கடையில் அளந்து விற்கப்பட்டது. வாங்குபவருக்குக் கடைக்காரரின் பெயர் தெரியும். ஆட்டியவரின் பெயர் தெரியாது. வானொலியும் பிறகு தொலைக்காட்சியும் வந்தபோது விருதுநகர்க் குடும்பங்கள் பெயர் போட்ட பாக்கெட்டில் எண்ணெயை விற்கத் தொடங்கின. இதயம் நல்லெண்ணெய் அப்படித் தமிழ்நாடெங்கும் வீட்டுப் பெயரானது. கல்லாவில் இருந்த நம்பிக்கை பாக்கெட்டின் மேல் அச்சேறிய திருப்பம் இது. இந்த ஊரின் வணிக வரலாற்றில் ரயிலுக்கு அடுத்த பெரிய மாற்றம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

வியாபாரம் செழித்த ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கல்வி நிறுவனம் எழுந்தது. 1947இல் செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது. 1962இல் வி.வி. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி வந்தது. கரிசல் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறி வந்து பட்டம் பெற முடிந்தது அதனால்தான். பங்குனிப் பொங்கலின்போது மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஊரே திரளும். கூடவே நடக்கும் பொருட்காட்சியில் சுற்றுவட்டாரமே வந்து வாங்கும், தின்னும், ராட்டினம் சுற்றும். கடைவீதியில் எண்ணெயில் மிதந்து பொரியும் புரோட்டா இந்த ஊருக்கே உரியது. எண்ணெய் வியாபாரத்தின் தலைநகரில் அப்படி ஒரு பலகாரம் பிறந்ததில் வியப்பில்லை.

ஊரின் நடுவிலுள்ள தேசபந்து மைதானம் வேறொரு பெருமைக்கும் துயரத்துக்கும் உரியது. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கியதும், அக்டோபர் 13 அன்று உயிர் துறந்ததும் இந்த ஊரின் கதையில்தான் சேரும். பதினோரு ஆண்டு கழித்து, 1967 தேர்தலில், காமராஜைச் சொந்த ஊரே 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தது. அரிசி விலையும் தட்டுப்பாடும் அந்தத் தேர்தலின் பேச்சாக இருந்தன. தானிய விலையைத் தினமும் எழுதிவைக்கும் ஊரில் அதன் கனம் இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கும்.

1985இல் விருதுநகர் தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது; ஊருக்கு இன்னொரு வகை வருமானமும் வந்தது. அதற்குள் சரக்கு ரயிலிலிருந்து லாரிக்கு மாறியிருந்தது. தொண்ணூறுகளில் இறக்குமதிக் கதவு திறந்தபோது மலேசியப் பாமாயில் கடலை எண்ணெயின் சந்தையைப் பிடித்தது. நிலக்கடலை ஆலைகள் பல நின்றன. பட்டியலில் பாமாயிலுக்கும் ஒரு வரி ஏறியது. உளுந்து பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறது. துவரை கர்நாடகக் குல்பர்காவிலிருந்தும் மல்லி ராஜஸ்தானிலிருந்தும் வத்தல் குண்டூரிலிருந்தும் வருகின்றன. வாங்கிய வத்தலை வெயிலுக்கும் பூச்சிக்கும் விடாமல் குளிர்கிடங்கில் வைத்து, விலை பார்த்து விற்பதால் 'ஏ.சி. வத்தல்' என்று தனி ரகமே பட்டியலில் உண்டு. 2023இல் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தக் குண்டு வத்தலுக்கு விருதுநகர் மண்டி வெகுகாலமாகவே தனி விலை சொல்லி வந்திருக்கிறது.

ஆலைகள் நவீனமானபோது மண்டித் தெருவில் ஆள் குறைந்தது. மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளில் பலர் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவைத்ததும் அதே மகமைப் பள்ளிதான். கடையை எடுத்து நடத்த ஆளில்லாமல் சில பழைய பெயர்ப்பலகைகள் இறங்கின. இழப்பு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. எதற்காக அந்த நிதியைச் சேர்த்தார்களோ அது பலித்ததன் ஒரு விளைவும் இது.

இராமநாதபுரத்தின் அந்த ஆறு ஊர்களில் ஒன்று மட்டும் வேறு பாதையில் போனது. விருதுநகர் பெரும்பாலும் வாங்கி விற்பதிலேயே நின்றது. இருபத்தைந்து கிலோமீட்டர் மேற்கே இருந்த சிவகாசி தானே பொருள் செய்யத் துணிந்தது. 1899இன் தீ அணைந்து கால் நூற்றாண்டு ஆவதற்குள், வேறொரு தீயைத் தொழிலாகக் கற்றுக்கொள்ள அங்கிருந்து இரண்டு இளைஞர்கள் 1922இல் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற அந்த இருவரும் தீப்பெட்டிச் செய்முறையோடு திரும்பி வந்த கதை அடுத்த இதழில்.